சீவிய முகம்

சேதமடைந்த எஞ்சினைத் திருத்துவதென்றால் புதிதாக எதையோ சேர்ப்பது என்றுதான் எண்ணுகின்றோம். அந்த வேலையில் பெரும்பகுதி நீக்குவதாகும். எண்ணெய் வற்றிக் கீறல் விழுந்த கிராங்க் ஷாப்டை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு தேய்த்து ஒப்பமாக்கி, அதற்கேற்பத் தடித்த பெயரிங் போடுகிறார்கள். பிஸ்டன் உரசிய சிலிண்டரை 30 பங்கு அகலமாகக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். தொழிற்சாலை வார்த்த இரும்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூளாகிப் போகிறது. குறைந்து குறைந்துதான் எஞ்சின் உயிர் பெறுகிறது.

பழைய ஸ்போட்ஸ் கார்களில் இதிலிருந்து ஒரு சங்கடம் முளைக்கிறது. அமெரிக்காவின் செவ்ரலே கொர்வெட்டை எடுத்துக்கொள்வோம். 1960களில் வந்த கார்களில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், எஞ்சின் புளொக்கில் ஒரு சிறு மேடை உண்டு. காரின் தொடர் இலக்கம் அதில் குத்தப்பட்டிருக்கும். காரின் இலக்கமும் எஞ்சினின் இலக்கமும் பொருந்தினால் அது பிறந்த எஞ்சினோடே இருக்கும் கார். அதன் விலையே வேறு. ஆனால் மிகையாகச் சூடேறிப் புளொக்கின் மேல்முகம் கோணிவிட்டால், கெஸ்கட் ஒழுகாதிருக்க அதைச் சீவிச் சமப்படுத்த வேண்டும். மேடையும் அதே தளத்தில்தான் இருக்கிறது. கவனமில்லாமல் சீவினால் இலக்கமும் சேர்ந்து போய்விடும்.

அதே புளொக்கில் அதே இலக்கத்தை மறுபடி குத்தினால் அது பொய்யா?

இல்லையென்றே முதலில் தோன்றும். எஞ்சினும் அதேதான், இலக்கமும் அதேதான். ஆனால் இன்னொருவர், உடைந்த புளொக்கை எறிந்துவிட்டு அதே ஆண்டின் வேறொரு புளொக்கைத் தேடிப்பிடித்து, அதன் இலக்கத்தைச் சீவித் தன் காரின் இலக்கத்தைக் குத்துகிறார். அது அப்பட்டமான மோசடி. வாங்க வருபவரின் கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான்.

முதலாமவரும் முழுக்கத் தப்பிவிட முடியாதென்பது என் எண்ணம். அந்த இலக்கம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இந்தக் காருக்குரிய எஞ்சின் இது என்பது ஒன்று. தொழிற்சாலையை விட்டு வந்த நாள் முதல் இந்த முகத்தில் எவர் கையும் படவில்லை என்பது மற்றது. முன்னது உண்மை, பின்னது உண்மையல்ல. உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்றலாம் என்பதை வியாபாரம் தெரிந்த நம் சமூகத்துக்கு விளக்கத் தேவையில்லை. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மழை அவருடைய குற்றமல்ல. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே ஏன் வைக்கவில்லை என்பதே அவரிடம் கேட்கப்பட்டது.

அப்படியானால் மாற்றம் கண்ட பொருளெல்லாம் தன் பெயரை இழந்துவிடுமா? இழக்காது என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு உண்டு. 1929இலும் 1930இலும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காருக்கு ‘ஓல்ட் நம்பர் வன்’ என்று பெயர். பின்னர் அதில் 8 லீற்றர் எஞ்சின் ஏறியது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். சிதைந்த கார் மீண்டும் கட்டப்பட்டது. 1990இல் ஒரு கோடி பவுணுக்கு அதை வாங்க உடன்பட்டவர்கள், இது அந்தக் காரல்ல என்று பின்வாங்கினார்கள். வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1929இன் பாகங்களில் எஞ்சியிருந்தவை மிகச் சொற்பம். ஆயினும் நீதிபதி அதை உண்மையான ‘ஓல்ட் நம்பர் வன்’ என்றே ஏற்றார். மாற்றங்களைக் காலவாரியாகப் பின்தொடர முடிந்தது. இடையறாத ஒரு வரலாறு அதற்கிருந்தது.

கொர்வெட்காரருக்கு இந்த ஆறுதல் எளிதில் கிடைப்பதில்லை. வெறும் மேடையோடு விற்பவருக்குக் கிடைப்பது, பொய்யாகக் குத்தி அகப்படாமல் விற்பவருக்குக் கிடைப்பதை விடக் குறைவு. அநியாயம்தான். அதற்குப் பயந்து மேல்முகத்தில் கை வைக்காமலே, ஒழுகும் எஞ்சினை அப்படியே வைத்திருப்பவர்களும் உண்டு. ஓடுவதற்கென்று செய்த பொருளைச் சாட்சிப் பத்திரமாக்கிவிட்டார்கள். பொறுமையுள்ள பட்டறைக்காரர் கட்டரை மேடைக்கு முன்னாலேயே நிறுத்தி இலக்கத்தைக் காப்பாற்றித் தருவார். கூலி கூடும், நேரமும் போகும்.

அதுவும் தவறிப்போனால், சீவுமுன் எடுத்த படங்களையும் பட்டறைப் பற்றுச்சீட்டையும் வாங்குபவர் கையில் கொடுத்து, மேடையை வெறுமையாகவே விட்டுவிடலாம். வாங்க வருபவர் முதலில் டோர்ச் அடித்துப் பார்ப்பது அந்த வெறும் இடத்தைத்தான்.