துளையும் மனச்சாட்சியும்

பேராதனையில் மகாவலி கங்கையின் குறுக்கே 1833ஆம் ஆண்டில் ஒரு பாலம் எழுந்தது. முழுவதும் முதிரை மரம். சுமார் 200 அடி அகன்ற ஒரே வளைவு. ஆணியின்றி, மரத்தோடு மரம் பொருத்தி அமைத்தது. 1905இல் அதனிடத்தில் இரும்புப் பாலம் வரும்வரை அது மக்களைச் சுமந்தது. திட்டமிட்ட இராணுவ அதிகாரியின் பெயர் நிலைத்தது. பொருத்திய தச்சர்கள் பெயரின்றி மறைந்தனர்.

அந்த ஆற்றங்கரையில் நின்று விமானத்தைப் பற்றி எண்ணுவது வேடிக்கையாகத் தோன்றலாம். எண்ண வைத்தவர் அசோக் தாமராட்சன். கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் பொறியாளர். தென்னாபிரிக்க நிறுவனமொன்றிலிருந்து பாகங்களாகத் தருவித்த நான்கு இருக்கை விமானத்தை வீட்டுத் தோட்டத்திலேயே பூட்டி, 2022இல் குடும்பத்தோடு பறந்தார். பணமிருந்தால் எதுவும் ஆகும் என்று நண்பரொருவர் சலித்துக்கொண்டார். உண்மைதான். ஆனால் நம் சிந்தையைக் கவ்வியது பணமன்று, துளை.

இத்தகைய விமானம் ஆயிரக்கணக்கான தறையாணிகளால் ஆனது. பல துளைகள் ஆலையிலேயே இடப்பட்டு வருகின்றன. எஞ்சியவற்றைக் கட்டுபவரே இட வேண்டும். மெல்லிய அலுமினியத் தகட்டைச் சட்டத்தின்மேல் வைத்துக் கவ்விகளால் இறுக்குகிறார். ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டு நேர் பார்க்கிறார். முதலில் சிறு துளை, அதில் தற்காலிகப் பிடி, மீண்டும் அளவு, பின்னர்தான் முழுத்துளை. தகட்டையும் சட்டத்தையும் சேர்த்தே துளைப்பதால் இரண்டு துளைகளும் ஒன்றையொன்று அறிந்தவை போல் நேர்ப்படுகின்றன. அதன்பின் அனைத்தையும் கழற்றிப் பிசிறு நீக்கி, மறுபடியும் பூட்ட வேண்டும். பிசிறு விட்ட இடத்திலிருந்து வெடிப்புப் பிறக்கும். துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து ஆணியின் விட்டத்தைப்போல் இருமடங்கேனும் தள்ளியிருக்க வேண்டும். நெருங்கினால் பெரும்பாலும் அந்தப் பாகமே கழிவு. இறக்கையின் தகடு மூடித் தறையப்பட்டபின், உள்ளிருக்கும் முறுக்கு என்றென்றைக்கும் அப்படியே உறைந்துவிடும். வெளியே பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

காணப்படாத வேலையில் ஒருவர் ஏன் நேர்மையாயிருக்க வேண்டும்? தோட்டத்தில் கட்டுபவருக்கு விடை எளிது: அதில் அமரப்போவது அவரும் அவர் பிள்ளைகளும். ஆனால் தன்னுயிர்க்கு அஞ்சுவதை அறமென்று கொள்ள நாம் ஒருப்படோம். உலகத்துத் துளைகளில் மிகப் பலவற்றை இடுபவர்கள் அந்தப் பொருளில் ஒருநாளும் அமரப்போவதில்லை. 1941இல் பெங்களூர் இந்துஸ்தான் தொழிற்சாலையில் ஹார்லோ பயிற்சி விமானத்தைப் பூட்டிய தொழிலாளருள் எத்தனை பேர் வானேறியிருப்பர்? அந்நியனுக்காகப் பிசிறு நீக்கிய அக்கைகளே அறத்தின் உண்மையான உறைவிடம்.

எனினும் கைகளைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வதும் ஒருவகை ஏமாற்றே. அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனம் விமானப் பாகங்களுக்கான தேவை பெருகியபோது உற்பத்தியைக் கூட்ட லேசர் கதிரால் துளையிட்ட பாகங்களையும் அனுப்பியது. ஆணித்தலை அமிழ்வதற்காக அத்துளைகளின் ஓரத்தைக் குழித்தபோது வெடிப்புகள் தோன்றின. 2023 டிசம்பரில் அந்நிறுவனம் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. இங்கே எந்தத் தொழிலாளியின் மனச்சாட்சி தவறியது? அவசரமே துளையிட்டது.

வீட்டில் கட்டுபவர் பிழைத்த தகட்டைத் தூக்கியெறியலாம். ஒரு வாரமும் சிறிது பணமும் போகும். ஆலைத் தொழிலாளிக்கோ தகட்டைக் கழிப்பது மேற்பார்வையாளரின் சீற்றம், கூலிக் குறைப்பு, சில வேளை வேலை நீக்கம். இருவர் மனச்சாட்சியும் ஒன்றே; கழிக்கும் உரிமை ஒன்றன்று. மாணவர்க்கு நன்னடத்தை போதிக்கும் ஆசிரியர்களாகிய நாம் இதை வகுப்பறையில் சொல்வதேயில்லை.

இந்தத் தீவில் இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பு 1832இல் சட்டப்படி ஒழிந்தது. அடுத்த ஆண்டு முதிரை மரத்தை இழைத்த தச்சருள் ஒருவர், “இந்தப் பொருத்து சரியாக அமையவில்லை, வேறு மரம் தாருங்கள்” என்று துரையிடம் சொல்லக்கூடியவராக இருந்தாரா?