முழு நைட்

2016 ஜூன் 17, வெள்ளிக்கிழமை. பிரான்சின் லு மான் நகருக்கு வெளியே, ஈரப் புல்லில் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஜப்பானியர் ஒருவர் வந்தார். எழுபதை ஒட்டிய வயது, தலையில் டொயோட்டா தொப்பி. குனிந்து வணங்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்: “நாளை ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?”

பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. நம் பக்கத்தில் முதலில் ஊர் கேட்பார்கள், பிறகு எந்தத் தெரு, யார் மகன். அந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இவருக்கோ என் தூக்கம் மட்டும்தான் தேவையாக இருந்தது. ஏன் என்று புரிய அரை மணி நேரம் ஆனது.

லு மான் பந்தயம் 24 மணி நேரம் ஓடுகிறது. ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். அந்த வருடம் 60 கார்கள். பாதையின் பெரும்பகுதி ஊர்க்காரர்கள் தினமும் போய்வரும் சாலை. வெள்ளிக்கிழமை பந்தயக் கார்கள் ஓடாது என்பதால் அந்தச் சாலையைத் திறந்துவிடுகிறார்கள். நான் அதன் ஓரமாகவே நடந்து பார்த்தேன். 1988இல் ஒரு கார் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்ததும், 1990இல் வேகத்தைக் குறைக்க இரண்டு இடங்களில் வளைவு போட்டதும் அந்தச் சாலையின் நேர்பாதையில்தான். அன்று மதியம் அதில் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. எங்கே நின்றாலும் பாதையில் ஒரு துண்டுதான் கண்ணில் படும். ஒரு மனிதன் தன் இரண்டு கண்ணால் இந்தப் பந்தயத்தை முழுதாகப் பார்க்க வழியே இல்லை. அதனால்தான் இங்கே வருகிறவர்கள் பந்தயத்துக்கு முந்தின நாளே அக்கம்பக்கத்தில் ஆள் தேடுகிறார்கள்.

சாயங்காலம் நகருக்குள் ஓட்டுநர்களின் ஊர்வலம். பழைய கார்களில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் நெரித்தது, பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் மனத்தில் நிற்பது அதற்குப் பிறகு கூடாரங்களுக்கு நடுவே நாங்கள் உட்கார்ந்த அந்த இரண்டு மணி நேரம்.

ஐந்து பேர் இருந்தோம். ஜப்பானியர், நான், ஓர் ஆங்கிலேயர், அவருடைய மகன், பிரெஞ்சு நர்ஸ் ஒருவர். அந்தப் பெண் வந்தது ஒரே ஒரு காருக்காக. கடும் தொற்றில் இரு கைகளையும் இரு கால்களையும் இழந்த பிரெடெரிக் சோசே, அந்த வருடம் தனக்கென்று மாற்றி அமைத்த காரில் ஓட்டவிருந்தார். “அவர் ஜெயிக்க வேண்டாம், முடித்தால் போதும்” என்று அந்த நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். (முடித்தார், 38ஆம் இடத்தில்.)

நான் கோயம்புத்தூர் என்றதும் ஆங்கிலேயர் தன் தோளைத் தட்டிக் காட்டினார். எனக்கு உடனே புரிந்தது. 2009இல் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் இங்கே ஆடி காரில் ஓட்டவிருந்தார். பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. மூவர் ஓட்ட வேண்டிய காரை மற்ற இருவரே 24 மணி நேரமும் ஓட்டி ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏழு வருடம் கழித்தும் அந்த வலி ஓர் அந்நியரின் நினைவில் இருந்ததைக் கண்டபோது தொண்டை அடைத்தது.

ஆங்கிலேயர் 1988 முதல் வருகிறவர். ஜாகுவார் ஜெயித்த வருடம் அது. “அன்றைக்கு என் கண்ணால் பார்த்தது ஏழெட்டு மணி நேரம் இருக்கும். மற்றதெல்லாம் கூட்டாளிகள் சொல்லக் கேட்டது. ஆனால் 1988ஐப் பார்த்தாயா என்று யார் கேட்டாலும் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்” என்றார். அதில் பொய் எதுவும் இல்லை என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு ரொட்டி சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்து, நர்ஸ் அதில் கோடு போட்டார். இன்னாருக்கு இந்த நேரம், இந்த வளைவு. மற்றவர்கள் தூங்கலாம். விழித்திருப்பவர் பார்த்ததைக் காலையில் சொல்ல வேண்டும். இரவு 2 முதல் 5 வரை ஆர்னாஜ் வளைவு எனக்கு. ஓட்டுநர்களுக்கும் இதே கணக்குதான்: ஒரு காருக்கு மூவர், யாரும் மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அப்பா நினைவுக்கு வந்தார். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பகல், அரை நைட், முழு நைட் என்றுதான் எங்கள் வீட்டுக் காலண்டர் ஓடியது. ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஒரு முறை ரயிலேற்றிக் கூட்டிப்போனார். “கண்ண மூடிக் கேளு கண்ணு, எந்த வண்டி நோவுதுன்னு தெரியும்” என்றார்.

2014இல் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் அக்காவும் இரவைப் பங்குபோட்டுக்கொண்டோம். கடைசி நாள் இரவு ஒரு மணிக்கு அக்கா, “நீ போயிப் படுத்துக்க, நான் பாத்துக்கறேன்” என்றாள். நாலரைக்கு அவர் போய்விட்டார். நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்: மூச்சு எப்படி இறங்கியது, கடைசியில் யார் பெயர் வாயில் வந்தது, ஜன்னலுக்கு வெளியே எந்தப் பஸ் போனது. ஆனால் நான் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. நான் அங்கே இல்லை என்பது மட்டுமே இரண்டு வருடமாக மனத்தில் கிடந்தது. அந்த ரொட்டிக் காகிதத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அக்கா எனக்காகவும் சேர்த்துத்தான் விழித்திருந்தாள் என்ற எண்ணம் முதல்முறையாக வந்தது.

ஜப்பானியர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கடைசி ஒரு மணி நேரத்தைத் தான் பார்க்கப்போவதில்லை. 1999இல் இங்கே வந்தவர் அவர். முன்னால் போன பி.எம்.டபிள்யூவை டொயோட்டா துரத்திக்கொண்டிருந்தபோது, முடிவுக்குக் கொஞ்சம் முன்பாக டயர் வெடித்ததை நேரில் பார்த்தவர். “இந்த முறை நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்று என்னிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினார். அவர்களில் ஒருவர் என் பெயரைக் கேட்டது அப்போதுதான்.

சனிக்கிழமை மழையில் பந்தயம் தொடங்கியது. இரவு நான் ஆர்னாஜில் நின்றேன். பாதையிலேயே மெதுவான வளைவு அது. பிரேக் பிடிக்கும் முன்பே எரிபொருளை மிச்சம் பிடிக்க ஓட்டுநர் காலை எடுப்பார், எஞ்சின் குரல் இறங்கும், பிறகு சக்கரத்துக்குள் தட்டுகள் சிவந்து எரிவது தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஐந்தாம் எண் டொயோட்டாவில் நோவு எதுவும் இல்லை. காலையில் ஜப்பானியரிடம் அதைச் சொன்னேன். குரல் இறங்கும் இடத்தை வாயால் ஒலித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

ஞாயிறு மதியம் அந்தக் கார்தான் முதலில் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானியர் கூடாரத்துக்குப் பின்னால், பந்தயம் தெரிந்த திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். முடிய சில நிமிடங்கள் இருந்தபோது, ஓட்டிக்கொண்டிருந்த கசுகி நகாஜிமா ரேடியோவில் சக்தி இல்லை என்றார். கார் தவழ்ந்து வந்து, தொடக்கக் கோட்டருகே, பிட் சுவரை ஒட்டி நின்றது. மிச்சம் மூன்று நிமிடம். பின்னால் வந்த போர்ஷே கடந்து போனது. டர்போவுக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே காற்றுக் குழாயை இணைக்கும் ஒரு சின்னப் பாகம் விட்டுப்போனதாம், பிறகு தெரிந்தது.

கூடாரத்துக்குப் பின்னால் போனேன். கூட்டம் அடங்கிப்போனதிலேயே அவருக்குப் புரிந்திருந்தது.

“எங்கே நின்றது?”

சொன்னேன்.

“எவ்வளவு நேரம் இருந்தது?”

சொன்னேன். வெகுநேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ராத்திரி மூன்று மணிக்கு அது எப்படிப் போனது என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.