தொண்டை வரை வந்த சொல்

1944 ஜூன் முதல் வாரம். பர்மாவின் மேற்குப் பகுதியில் இந்தைங்ஜி என்ற இடத்தில், காட்டுக்குள் அமைந்த ஒரு முகாமில் இரண்டு ஜப்பானியத் தளபதிகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கவாபே, பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைகள் அனைத்துக்கும் தலைவர். மற்றவர் முத்தாகுச்சி, அவருக்குக் கீழே பதினைந்தாம் படையை நடத்தியவர். மழைக்காலம் தொடங்கிவிட்டது. மலைகளுக்கு அப்பால், இந்தியாவின் இம்பாலையும் கோஹிமாவையும் பிடிக்கப் போன அவர்களுடைய வீரர்கள் புல்லையும் இலையையும் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

படையெடுப்பு தோற்றுவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். முத்தாகுச்சி பின்னாளில் அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நிறுத்திவிடலாம் என்ற சொல் தொண்டை வரை வந்ததாம், ஆனால் வெளியே வரவில்லையாம். தன் முகத்தைப் பார்த்தே மேலதிகாரி புரிந்துகொள்வார் என்று இருந்துவிட்டாராம். அந்த முகம் எதையோ சொல்லத் தவிக்கிறது என்பது கவாபேக்கும் தெரிந்தது. அவரும் கேட்கவில்லை. விடைபெற்றுக்கொண்டு பிரிந்தார்கள். நிறுத்தச் சொல்லி உத்தரவு வருவதற்குள் ஜூலை பிறந்துவிட்டது.

முதலில் சொல்பவர் தலையில்தான் தோல்வி விழும் என்ற அச்சம் இருவருக்கும் இருந்தது. அந்த அச்சத்தின் விலையை அவர்கள் கொடுக்கவில்லை. மலைச்சரிவில் சேற்றில் கிடந்தவர்கள் கொடுத்தார்கள். 85,000 பேருக்கு மேல் போன அந்தப் படையெடுப்பில் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டார்கள். குண்டு பட்டுச் செத்தவர்களைவிட நோயிலும் பசியிலும் செத்தவர்களே அதிகம். பின்வாங்கிய பாதைக்கு, தப்பி வந்த வீரர்கள் எலும்புச் சாலை என்றே பெயர் வைத்தார்கள். ஜப்பானியரோடு சேர்ந்து போன நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினரும் அதே பசியில், அதே மழையில் மடிந்தார்கள். அந்தப் பாதைகளில் ஒன்று தாமு வழியாகப் போனது. தாமுவுக்கு எதிரே, எல்லையின் இந்தியப் பக்கத்தில் மோரே இருக்கிறது. பிற்காலத்தில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர்கள் குடியேறி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பிய அதே மோரே.

இந்த மௌனம் ஒரே நாளில் விளைந்ததில்லை. படையெடுப்பு வெறும் திட்டமாக இருந்தபோதே, 1943-இல், முத்தாகுச்சியின் தலைமை அலுவலரான ஒபாதா மறுத்துச் சொன்னார். போக்குவரத்துப் படையில் ஊறிய மனிதர் அவர். மலையும் ஆறும் காடும் தாண்டி இத்தனை பேருக்கு அரிசி கொண்டுபோக வழியில்லை என்பது அவர் கணக்கு. அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். வள்ளுவர் அரசனுக்கு வேண்டும் என்று வற்புறுத்திய இடித்துரைக்கும் துணை அன்றோடு முத்தாகுச்சியை விட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு அவரைச் சுற்றி எழுந்தவை பெரும்பாலும் ஆமாம் போடும் குரல்களே.

கவாபேயாவது தடுத்திருக்கலாம். ஆனால் 1937-இல் சீனாவில் மார்க்கோ போலோ பாலத்தருகே சண்டை மூண்ட நாளிலிருந்தே இருவருக்கும் பழக்கம். அன்றும் கவாபே மேலதிகாரி, முத்தாகுச்சி அவருக்குக் கீழே. நம்ம ஆள் ஆசைப்படுகிறார், செய்துவிட்டுப் போகட்டும் என்ற தாட்சண்யம் குறுக்கே வந்தது. தாட்சண்யம் நல்ல குணந்தான். அதைப் பிறர் உயிரை வைத்துக் காட்டும்போதுதான் அது பாவமாகிறது.

1944 மார்ச்சில் படை புறப்பட்டபோது கையில் இருந்த உணவு மூன்று வாரத்துக்கு மட்டுமே. மீதிக்கு, மாட்டு மந்தைகளை ஓட்டிப்போய் வழியில் அடித்துச் சாப்பிடலாம் என்பது ஏற்பாடு. செங்கிஸ்கான் அப்படித்தான் போனாராம். செங்கிஸ்கான் போனது புல்வெளியில். இங்கே குறுக்கே கிடந்தது சிந்த்வின் ஆறும் செங்குத்தான மலைகளும். ஆற்றோடு போன மாடுகள் போக, மிச்சம் மலையேற முடியாமல் விழுந்தன. உழவு மாடு கட்டிய எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார், சுமையை ஏற்றி மாட்டை மலைமேல் விரட்டினால் என்ன ஆகும் என்று. கேட்க ஆளில்லை.

இந்தக் கதையில் வாயைத் திறந்த இன்னொருவர் உண்டு. கோஹிமாவைத் தாக்கிய முப்பத்தொன்றாம் டிவிஷனின் தளபதி சாத்தோ. அனுப்புவதாகச் சொன்ன உணவும் குண்டும் வரவில்லை. தந்திக்கு மேல் தந்தி அடித்தார். வந்த பதிலெல்லாம் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான். மே மாத முடிவில், மேலிடத்து உத்தரவை மீறி, மிச்சமிருந்த வீரர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு கிளம்பினார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி அப்படிச் செய்வது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பதவி போயிற்று. ராணுவ நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் சொல்கிறேன், என்னை விசாரியுங்கள் என்று நின்றார். விசாரித்தால் உண்மை வெளியே வரும். ஆகவே மனநிலை சரியில்லை என்று சொல்லி விசாரணையையே நடத்தாமல் விட்டுவிட்டார்கள்.

சாத்தோவைக் குறையில்லாத வீரராக்கிக் கோயில் கட்ட நான் வரவில்லை. அவர் விலகியதால் பக்கத்தில் நின்ற படைக்குக் காவல் போயிற்று என்று ஜப்பானிலேயே பலர் பழித்தார்கள். அந்தப் பழியில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் நேரத்தோடு மேலே சொல்லவேண்டியவர்கள் சொல்லியிருந்தால், எல்லாப் படைகளும் ஒழுங்காகச் சேர்ந்து பின்வாங்கியிருக்கும். ஒருவர் மட்டும் தனியாக உண்மை பேச நேர்ந்தால் அந்த உண்மையும் யாரையாவது காயப்படுத்தித்தான் வெளியே வருகிறது.

விடாமுயற்சியைப் போற்றியே நாம் வளர்ந்திருக்கிறோம். இடையில் விட்டவனைக் கோழை என்போம். அப்படியானால் முத்தாகுச்சி செய்ததும் விடாமுயற்சிதானே என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான். தொடர்வதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? என் உடம்பும் என் உறக்கமும் கொடுத்தால் அதற்கு விடாமுயற்சி என்று பெயர். என் முகம் கறுக்கக்கூடாது என்பதற்காக அடுத்தவர் கொடுத்தால் அது வெறும் வறட்டுக் கௌரவம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஏமாந்துவிடக்கூடாது.

இதற்குப் போர்க்களம் வேண்டியதில்லை. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடை. ஆறு மாதமாக நஷ்டம். மூடிவிடலாம் என்று அண்ணனுக்கும் தோன்றுகிறது, தம்பிக்கும் தோன்றுகிறது. அப்பா தொடங்கிய கடையை நீதானே மூடச் சொன்னாய் என்ற பேச்சு நாளைக்கு வரும். இருவரும் கல்லாப்பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குள் வீட்டுப் பெண்களின் கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. இந்தைங்ஜி முகாம் நம் தெருவிலும் இருக்கிறது.

அதே ஜூன் முதல் வாரத்தில், உலகத்தின் மறுகோடியில், இன்னொரு தளபதியும் தோல்வியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். நார்மண்டிக் கடற்கரையில் மறுநாள் படையிறக்க உத்தரவு கொடுத்துவிட்ட நேச நாட்டுப் படைகளின் தலைவர் ஐசனோவர், ஒரு சின்னத் தாளில் பென்சிலால் நாலு வரி எழுதினார். படையிறக்கம் தோற்றால் வெளியிட வேண்டிய அறிவிப்பு அது. வீரர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், குற்றம் ஏதும் இருந்தால் அது என் ஒருவனுடையது என்பது அதன் சாரம். பதற்றத்தில் ஜூன் 5 என்பதற்குப் பதில் ஜூலை 5 என்று தேதி போட்டுவிட்டார். படையிறக்கம் வென்றது, தாளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

அந்தத் தாளில் ஓர் அடித்தல் உண்டு. படைகள் திரும்பப் பெறப்பட்டன என்ற பொருளில்தான் முதலில் எழுதியிருந்தார். பிறகு அதை அடித்துவிட்டு, படைகளை நான் திரும்பப் பெற்றேன் என்று மாற்றினார். சின்னத் திருத்தந்தான். செயப்பாட்டு வினை செய்வினையாயிற்று, வாக்கியத்துக்குள் ஒரு மனிதர் வந்து நின்றார்.

நம் வீடுகளில் டம்ளர் கைதவறி விழுந்தால் பிள்ளை சொல்கிறது, “உடைஞ்சுபோச்சு.” அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “யாரு உடைச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். தரையைப் பார்க்கும், கதவைப் பார்க்கும். அடி விழாது என்ற நம்பிக்கை வந்த பிறகு, “நான்தான் உடைச்சேன்” என்று மெல்லச் சொல்லும். அந்த நம்பிக்கையை அதற்குக் கொடுக்கவேண்டியவர்கள் நாம். அதற்குமுன், சென்ற மாதம் நம்மிடம் உடைந்துபோன ஒன்றை, அதே பிள்ளையின் காதில் விழும்படி, நாமும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.