கசப்பும் ஒரு பங்கு

இனயம் கடற்கரையில் ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து மதுக் கலவையைப் பற்றிப் பாடம் கேட்பேன் என்று யாராவது சோதிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் குடிக்கிறவன் அல்ல. பாடம் சொன்னவன் பக்கத்து வீட்டுப் பிள்ளை. உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில், மதுக்கூடத்தில் வேலை. விடுமுறைக்கு வந்திருந்தான்.

“மாமா, நீங்க குடிக்க மாட்டிய, தெரியும். கேக்கவாவது செய்யுங்க” என்றான்.

கலவைக்கு நெக்ரோனி என்று பெயர். ஜின் ஒரு பங்கு. காம்பாரி என்னும் சிவந்த கசப்பு மது ஒரு பங்கு. இனிப்பான வெர்மூத் ஒரு பங்கு. பனிக்கட்டியின் மேல் ஊற்றி, குலுக்காமல் கிளறி, ஆரஞ்சுத் தோல் ஒன்றைப் பிழிந்து போடவேண்டும். 1919-இல் பிளாரன்ஸ் நகரத்தில் காமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தாம் வழக்கமாக அருந்தும் பானத்தில் சோடாவுக்குப் பதிலாக ஜின்னை விடச் சொன்னாராம். அதிலிருந்து பிறந்தது என்பது கதை. ஜின் இருக்கவேண்டிய இடத்தில் விஸ்கி வந்தால் வேறு பெயர். மிலான் நகரத்து மதுக்கடை ஒன்றில் யாரோ கைதவறி, ஜின்னுக்குப் பதில் நுரைக்கும் திராட்சை மதுவை ஊற்றிவிட்டார்களாம். அதைக் கொட்டிவிடவில்லை, ‘தவறிப்போன நெக்ரோனி’ என்று பேர் வைத்து விற்றார்கள். தவறுக்கும் விலை போடத் தெரிந்த மனிதர்கள்!

குழந்தை கசப்பைத் துப்பிவிடுகிறது. விஷத்தை அறிந்துகொள்ள இயற்கை நாக்குக்குக் கொடுத்த காவல் அது. வயது ஏற ஏற அந்தக் காவலை நாமே ஏமாற்றப் பழகுகிறோம். பாகற்காயில் வெல்லம் போடுகிறோம். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவை மாங்காயோடு சேர்த்துப் பச்சடி செய்கிறோம். வெர்மூத்தும் ஆதியில் மூலிகைகளை ஊறவைத்த மருந்து மதுதான்.

ஆனால் பச்சடிக்கும் இந்தக் கோப்பைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பச்சடியில் கசப்பும் இனிப்பும் சண்டை போட்டால் சண்டையோடு காரியம் முடிந்தது. நெக்ரோனியில் அந்த இருவரும் நாக்கில் வழக்காடிக்கொண்டிருக்க, மூவரில் வலியவனான ஜின் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறான். இதை நான் சொன்னதும் பையன் சிரித்தான். “அதுதான் மாமா தொழிலு” என்றான். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

“அம்மைக்கு நான் சமையக்கட்டுல நிக்கேன்னுதான் தெரியும். அப்பா குடிச்சே போனாரு. நான் குடிக்கக் கொடுத்து வீடு கட்டியிருக்கேன். இது பாவமா, மாமா?”

நாவல் எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்டால் அவன் என்ன செய்வான்? பாத்திரங்கள் கேட்டால் அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளிவிடலாம். இவன் எதிரே உட்கார்ந்திருந்தான்.

எனக்கு எங்கள் பக்கத்துப் பனையேறியின் நினைவு வந்தது. பாளையில் கலயத்தைக் கட்டுமுன் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார். கடற்கரைச் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பாயிருந்தால் இன்னும் விசேஷம். அது நொதிக்கவிடாமல் தடுப்பதால் காலையில் இறங்குவது அக்கானி. பிள்ளைக்கும் கொடுக்கலாம், காய்ச்சிக் கருப்பட்டியும் ஆக்கலாம். சுண்ணாம்பை மறந்தால் அதே மரத்தின் அதே நீர் கள். மரத்துக்கு இதில் பொறுப்பு இல்லை. ஒரு விரல் சுண்ணாம்பில் நீதியும் குற்றமும் நிற்கின்றன. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: தமிழ்நாட்டில் பதநீர் இறக்கலாம், கள் 1987 முதல் கூடாது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதே கள்ளுக்குக் கடையே உண்டு. இங்கேயோ, பனையேறிக்குக் கூடாததைவிட வலியதை 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது! சட்டம் வேறு, பாவம் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. சட்டத்தை அளவுகோலாகக் கொடுத்து இந்தப் பையனை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

“உன் கையில் சுண்ணாம்பு உண்டா?” என்று கேட்டேன்.

புரிந்துகொண்டான். அளவு மீறியவருக்கு ஊற்றாமல் மறுக்க அவனுக்கு அதிகாரம் உண்டாம். இரண்டொரு முறை மறுத்திருக்கிறான். ஆனால் விற்பனை குறைந்தால் மேலாளர் முகம் சுளிப்பார் என்றும் ஒளிக்காமல் சொன்னான். அந்த மறுப்பு போதுமா? போதும் என்று சொல்ல என் மனம் துணியவில்லை. போதாது என்று சொல்வதற்கும், அவன் அனுப்பிய பணத்தில் கட்டிய சுவர்களைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டும். சொல்கிறவன் அரிசி வாங்கிக் கொடுக்கப் போகிறானா? குடிப்பவனை விட்டுவிட்டு ஊற்றுகிறவனைப் பிடிப்பது எளிது. ஊற்றுகிறவனையும் விட்டுவிடுவது அதைவிட எளிது. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

இருட்டிய பிறகு அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா எனக்காக அக்கானி வாங்கி வைத்திருந்தாள். காலையில் இறக்கியது, நுங்கு சீவிப் போட்டிருந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்:

“கப்பல்ல இவன் என்னதான் செய்யுதானாம்? கேட்டா சொல்ல மாட்டேங்கான். ஒங்ககிட்ட சொன்னானா?”

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கசாயம் மாதிரி ஒன்று கலக்குகிறானாம்” என்றேன்.

அவள் சிறிது நேரம் மகனைப் பார்த்தாள். பிறகு என் கோப்பையை வாங்கிக்கொண்டே கேட்டாள்: “அம்புட்டுப் பேருக்குமா அங்க சொகமில்ல?”