அறிவுக்கும் ஒரு கடன் உண்டு

ஒருவரைக் காக்கும் வழியைக் கண்டறிவதற்காக, இன்னொருவரை அவ்வழி இன்றியே விட்டுவைக்கலாமா? மருத்துவ நூல்களுக்குள் அடங்கிவிடும் வினா அன்று இது. நம் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் எழுந்த வினா.

2000-ஆம் ஆண்டில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக நல மையத்தினரும், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையினரும் இணைந்து, கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய ஆய்வொன்றைத் தொடங்கினர். மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகள், சீட்டுக் குலுக்கியதுபோல், இரு சம பிரிவுகளாக வகுக்கப்பட்டன. முதற்பிரிவில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் பரிசோதித்தனர். மறுபிரிவினருக்கோ வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதி மட்டுமே.

பரிசோதனை எளியது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், ஐயத்திற்குரிய பகுதி வெண்மையாகத் தெரியும். ஆயினும் வெண்மையெல்லாம் நோயன்று. அழற்சியாலும் அது தோன்றலாம். எனவே அவ்விடத்திலிருந்து சிறு துளித் திசுவை எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். இதுவே நோய்க்குறியியல் மருத்துவரின் பணி. அப்பெண்ணின் முகத்தை அவர் காண்பதில்லை. ஆனால் அவர் எழுதும் ஒரு வரி அவளது வாழ்வையே திருப்பிவிடும். இவ்வாய்வில் 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். 2,539 பேரிடம் திசு எடுக்கப்பட்டது. 1,874 பேரிடம் புற்றாக மாறக்கூடிய முன்மாற்றங்கள் இருந்தன. அவர்களுள் நூற்றுக்கு 72 பேர் சிகிச்சை பெற்றனர்.

மறுபிரிவுப் பெண்ணின் திசுவும் நுண்ணோக்கிக்கு வரக்கூடும். ஆனால் எப்போது? வெங்காயக் களத்திலும் நூற்பாலையிலும் பூந்தோட்டத்திலும் நாள்முழுதும் உழைக்கும் பெண், பொறுக்கவியலா வலியோ உதிரப்போக்கோ வந்த பின்னரே மருத்துவரை நாடுகிறாள். முதல் ஊரில் முன்மாற்றம் என்று எழுதிய அதே கை, இரண்டாம் ஊருக்குப் புற்று என்று எழுத நேரும்.

2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. முதற்பிரிவின் 49,311 பெண்களுள் 83 பேரும், மறுபிரிவின் 30,958 பெண்களுள் 92 பேரும் 2006-க்குள் இந்நோயால் இறந்திருந்தனர். பரிசோதனை இறப்பை 35 விழுக்காடு குறைத்ததெனக் கணக்கிடப்பட்டது. எளிய செலவில் உயிர் காக்கலாம் என்பதை உலகிற்குக் காட்டியவர்கள் நம் ஊர்ப் பெண்களே.

ஆயினும் அந்த 92 பேர்? செல்வ நாடுகள் பல பத்தாண்டுகளாகப் பாப் பரிசோதனையால் பயனடைந்து வந்தபோது, பரிசோதனையே இல்லாத ஒரு பிரிவை வைத்தது அறமா எனச் சிலர் 2014-ல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் வினவினர். மறுதரப்பிலும் நியாயம் உண்டு: பாப் பரிசோதனைக்கு வேண்டிய ஆய்வுக்கூடங்களும் நிபுணர்களும் அன்று நம் சிற்றூர்களுக்கு எட்டவில்லை, எளிய முறை உயிர் காக்குமா என்பதும் உறுதியாகவில்லை, ஆய்வு நடவாதிருந்தால் எவருக்குமே எதுவும் கிடைத்திராது. ஆனால் 'முன்பே இல்லாததைத்தானே கொடுக்கவில்லை' என்னும் விடை நம் மனச்சான்றை முழுதும் அமைதிப்படுத்துவதில்லை. அந்த இல்லாமை இயற்கை விதித்ததன்று. மனிதர் காட்டிய புறக்கணிப்பின் விளைவு.

நாம் ஆய்வாளரைக் கூண்டிலேற்ற முற்படவில்லை. ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம்: இத்தகைய ஒப்பீட்டுக்கு ஏதேனும் நியாயம் உண்டெனில், பெற்ற அறிவு அதைத் தந்தவர்களிடமே திரும்பி வருவதில்தான் அது உண்டு. அறியாதிருந்தவரைவிட அறிந்துகொண்டவருக்கே பொறுப்பு மிகுதி.

அக்கடன் தீர்ந்ததா? தமிழக அரசு பரிசோதனைத் திட்டத்தை மாநிலமெங்கும் விரித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது நடைபெறுகிறது. ஆயினும் 2019–21-ன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள தமிழகப் பெண்களுள் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. முதலில் தடுப்பது நாணம். அடுத்து, ஒருநாள் கூலியை இழக்கும் அச்சம். அதன்பின், பெண்ணின் நோவைப் பொருட்படுத்தாத ஆண்களாகிய நமது மௌனம்.

அந்த 92 பேருக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் கல்லால் ஆனதன்று. நம் தாயும் மனைவியும் தமக்கையும் பரிசோதனைக்குச் செல்ல ஒருநாள் வேலையை நாம் ஏற்றுக்கொள்வதும், திசு அறிக்கை வரும்வரை அவர்களோடு காத்திருப்பதுமே அது.