கண்டிப்பு யாருக்கு?



பாசிர் கூடாங் தொழிற்சாலையில நீங்க சூப்பர்வைசர்னு வைங்க. பத்து நிமிஷம் தாமதமா வந்தவரை என்ன செய்வீங்க?

கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்கிறது பெரியபுராணம். அவன் கண்டிப்பு தன் வீட்டில் தொடங்கியது. நாமோ கூட்டாளிக்குத் தளர்த்தி, மற்றவருக்கு இறுக்குகிறோம். அது தர்மமா?

தளர்வுக்கும் முறை உண்டு. நம் நாட்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி 2023 முதல், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுதிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரணும். மறுத்தால் காரணமும் சொல்லணும்.

ஆகவே, தண்டிக்குமுன் காரணம் கேளுங்க. யார் வந்தாலும் அதே காதால கேளுங்க. கடிகாரத்தை முதல்ல நமக்கு வைப்போம்.