பழையதுக்கு வந்த மரியாதை

விடியற்காலையில் சிவகாசி, சாத்தூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பட்டாசு ஆலை வேன்கள் ஊர் ஊராக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். ஏறுகிற பெண்கள் கையில் ஒரு தூக்குச்சட்டி. பல நாள் அதில் இருப்பது ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறுதான். தொட்டுக்கொள்ள ரெண்டு சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய்.

அந்தச் சட்டிக்குள் ராத்திரி முழுக்க ஒரு வேலை நடந்திருக்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சோற்றின் சர்க்கரைச் சத்தைத் தின்று புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பலவற்றுக்குப் பிழைப்பு ஓடாது. இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் இந்தக் கூட்டம்தான். ஆனால், இட்லி வேகும்போது அவை செத்துப்போகும். பழையதை யாரும் மறுபடி அடுப்பில் ஏற்றுவதில்லை. அதனால் உயிரோடு வயிற்றுக்குள் போகின்றன.

கொரியாக்காரர்களும் இறாலையும் மீனையும் உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். ஜொத்கல் என்று பெயர். முட்டைக்கோஸில் கிம்ச்சி போடும்போது அதையும் சேர்ப்பார்கள். ஊர்கூடி கிம்ச்சி போடும் அந்த வழக்கத்தை 2013-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது.

நம் பழையதுக்கும் காலம் வந்துவிட்டது. குடல் நோய்க்கு அது உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சியே நடந்தது. பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் ஊற்றிக் கொடுத்து பில் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால், ஒரு கேள்வி இடிக்கிறது. ‘பழையது குடிக்கிற வீடு’ என்று இளக்காரமாகப் பேசியதும் நாம்தானே? அதே சோறு, அதே தண்ணீர். மாறியது, சாப்பிடுகிறவரின் பர்ஸ் மட்டும்தான்.

நான் படித்தது பி.காம். ரசீது இருந்தால்தான் செலவு கணக்கில் ஏறும் என்பது எங்கள் பாடம். நம் பாட்டிகளின் அறிவையும் அப்படித்தான் நடத்துகிறோம். ஆராய்ச்சி என்ற ரசீது வந்த பிறகே வரவு வைக்கிறோம்.

இதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று உண்டு. பழையதைப் புகழ்கிற சாக்கில் வறுமையைப் புகழ்வது. “அவங்களுக்கு என்ன சார், சத்தான சாப்பாடு!” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். வேனைப் பிடிக்கிற அவசரத்தில் அடுப்பு மூட்ட நேரமில்லாதவர் அவர். குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா, மருந்து உராய்ந்து தீப்பிடித்தால் காப்பாற்றாது. கூலியையும் கூட்டித் தராது.

விருதுநகரில் பிறந்த காமராஜர், பசியோடு வந்த பிள்ளைகளிடம் கஞ்சியின் மகிமையைப் பேசிக்கொண்டிருக்கவில்லை. 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டார். ஏழையின் சாப்பாட்டுக்கு மரியாதை தருவது வேறு, அந்த ஏழைக்கு மரியாதை தருவது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் சுடச்சுட தோசையும் இருக்கிறது, பழையதும் இருக்கிறது. அப்போது அந்தப் பெண், “எனக்கு இன்னைக்குப் பழையதே போதும்” என்று சொன்னால், அது அவருடைய ருசி. வேறு எதுவுமே இல்லாதபோது அவர் குடிப்பதை ‘ஆரோக்கிய உணவு’ என்று நாம் மெச்சினால், அது யாருடைய மனசாட்சிக்கு மருந்து?